ரீஸ்டோர் ஆனது, ஆனால் அசையவில்லை: காத்திருப்பதா, கிளறுவதா, கொன்றுவிடுவதா?

ஓடிக்கொண்டிருந்த நிரலை, அதாவது ப்ராசஸை, வட்டில் ஓர் இமேஜாகச் சேமித்து வைத்திருந்தோம்; அதை மறுபடி எழுப்பும் ரீஸ்டோர் கட்டளை ஒரு பிழையும் சொல்லாமல் முடிந்துவிட்டது. ஓடும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் போட்டுப் பார்த்தால் ப்ராசஸ் இருக்கிறது. அதே எண், அதே பெயர், சேமித்தபோது இருந்த அதே நினைவக அளவு. ஆனால் சிபியு பயன்பாடு 0. லாக் ஃபைலின் கடைசி வரி நேற்றையது. ஐந்து நிமிடம் போகிறது, பத்து நிமிடம் போகிறது, பேச்சு மூச்சைக் காணோம்.

பிழை காட்டி விழுந்திருந்தால்கூடத் தேவலை, பிடித்துக்கொண்டு தேட ஒரு வரியாவது கிடைத்திருக்கும். இப்படி மௌனமாக நிற்கும் ப்ராசஸிடம் நாம் செய்யக்கூடியது நான்குதான். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று கிளறலாம். கொன்றுவிட்டு அதே இமேஜிலிருந்து மறுபடி எழுப்பலாம். இந்த இமேஜே வேண்டாம் என்று பழையதற்கோ ஆரம்பத்துக்கோ போகலாம். அவசரத்தில் கை முதலில் போவது மூன்றாவதற்குத்தான். அது சில நேரம் சரியான வழியும்கூட. ஆனால் எப்போது சரி என்பது, அந்த ப்ராசஸ் எதற்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் தெரியும்.

லினக்ஸில் க்ரியூ என்ற கருவி கொண்டு சேமித்து மீட்பதை மனதில் வைத்துத்தான் இதில் பெரும்பகுதியை எழுதுகிறேன். 2011-இல் தொடங்கிய திட்டம் அது. ஓடும் ப்ராசஸை அதன் சம்மதம் கேட்காமலே வட்டில் எழுதி வைத்துப் பிறகு எழுப்பிவிடும். இமேஜுக்குள் போவது நினைவகம், ரிஜிஸ்டர்கள், திறந்திருந்த ஃபைல்களின் பெயரும் படித்து நிறுத்திய இடமும், சாக்கெட்டுகளின் (இணைப்பு முனைகளின்) நிலை. போகாதது: கணினியின் கடிகாரம், இணைப்பின் மறுமுனை, ஃபைலுக்குள் இருக்கும் எழுத்துகள், டெர்மினலின் முன் உட்கார்ந்திருந்த ஆள். தூங்கி எழுந்தவர், தான் தூங்கும்போது வீடு மாறிவிட்டதை அறியாமல் பழைய சுவரில் சுவிட்சைத் தடவுகிற மாதிரிதான் இப்படி அசையாமல் நின்றுவிடும் பெரும்பாலான ஹேங்குகள்.

காத்திருப்பது

சோம்பேறித்தனமான வழி போலத் தெரிந்தாலும், சில சூழ்நிலைகளில் இதுதான் சரி. ரீஸ்டோர் கட்டளையே இன்னும் முடியவில்லை, இமேஜ் 60 ஜிபி, வட்டு வினாடிக்கு 500 எம்பி படிக்கிறது என்றால் இரண்டு நிமிடம் வெறும் படிப்புக்கே போகும். நெட்வொர்க் வட்டு என்றால் இன்னும் அதிகம். ஒவ்வொரு ப்ராசஸின் விவரத்தையும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) காட்டும் ப்ராக் கோப்பகத்தில் அந்த ப்ராசஸ் எண்ணுக்குக் கீழே ‘ஐஓ’ என்றொரு ஃபைல் உண்டு. அதில் படித்த பைட்டுகளின் எண்ணிக்கை பத்து வினாடிக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

இணைப்பின் மறுமுனை போய்விட்ட கேஸில் காத்திருப்புக்கு ஒரு காலக்கெடு உண்டு, அதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது. நம் பக்கம் அனுப்பிய தரவுக்குப் பதில் வராவிட்டால், லினக்ஸ் தன் வழக்கமான அமைப்பில் 15 முறை மறுபடி அனுப்பிப் பார்க்கும். ஏறத்தாழ 925 வினாடி, அதாவது கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். அதற்குப் பிறகு ப்ராசஸுக்குப் பிழை போகும், அதுவும் விழித்துக்கொள்ளும். ஆனால் நம் பக்கம் எதுவும் அனுப்பாமல், பதிலுக்காக மட்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவ் போட்டிருந்தால் 7200 வினாடி சும்மா இருந்துவிட்டு, பிறகு 75 வினாடிக்கு ஒன்றாக 9 முறை தட்டிப் பார்க்கும். மொத்தம் 2 மணி 11 நிமிடம். கீப்அலைவ் போடவில்லையா, யுகமுடிவு வரை உட்கார்ந்திருக்கும்.

ஆக, காத்திருப்பதாக இருந்தால் இத்தனை மணி வரை என்று ஒரு நேரத்தைத் தாளில் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று சொல்லிச் சொல்லியே ஒரு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன்.

தொடாமல் பார்ப்பது

கிளறுவதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ப்ராசஸைத் தொடாமல் கெர்னல் சொல்வதைப் படிப்பது ஒன்று. ட்ரேசர் (ப்ராசஸைப் பிடித்துக் கண்காணிக்கும் கருவி) கொண்டு ஒட்டிப் பார்ப்பது இன்னொன்று. முதலாவதில் செலவே இல்லை. அதைச் செய்யாமல் வேறு எதையும் செய்யக் கூடாது என்பது என் கட்சி.

ப்ராக்கில் ‘ஸ்டேட்டஸ்’ ஃபைலைத் திறந்தால் நிலை ஓர் எழுத்தாக இருக்கும். பெரிய ‘டி’-யில் (T) தொடங்கும் ‘ஸ்டாப்டு’ என்று இருந்தால் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம், ஏனென்றால் அது ஹேங்கே இல்லை. ரீஸ்டோர் செய்யும்போது நிறுத்தி வைக்கும்படி யாரோ விருப்பத்தேர்வு கொடுத்திருப்பார்கள், அல்லது பின்னணியில் எழுந்த ப்ராசஸ் டெர்மினலிலிருந்து படிக்கப் போய்க் கெர்னல் அதைத் தடுத்து நிறுத்தியிருக்கும். கன்டினியூ சிக்னல் ஒன்று அனுப்பினால் முதல் கேஸ் தீர்ந்தது. இரண்டாவதில் மறுபடி நின்றுவிடும், முன்னணிக்குக் கொண்டுவர வேண்டும். ‘ட்ரேசிங் ஸ்டாப்’ என்று இருந்தால், கீழே ட்ரேசர் எண் என்ற வரியைப் பாருங்கள். பாதியில் நின்ற ரீஸ்டோரோ மறந்துபோன டிபக்கரோ இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

‘டிஸ்க் ஸ்லீப்’ என்றால் கதை வேறு. கெர்னலுக்குள்ளேயே, பெரும்பாலும் பதில் தராத நெட்வொர்க் வட்டிலோ பழுதான வட்டிலோ மாட்டியிருக்கிறது. 120 வினாடிக்கு மேல் இப்படி நின்றால் பல கணினிகளில் கெர்னல் லாக்கிலேயே ஓர் எச்சரிக்கை வந்திருக்கும். இங்கே கில் -9 கூடப் பல நேரம் எடுபடாது. ப்ராசஸை விட்டுவிட்டு வட்டைக் கவனியுங்கள்.

அதிகம் வருவது ‘ஸ்லீப்பிங்’தான். அப்போது ‘டபிள்யூசான்’ ஃபைல்தான் கைவிளக்கு. எந்தக் கெர்னல் ஃபங்ஷனில் தூங்குகிறது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும். ரூட் அனுமதி இருந்தால் ‘ஸ்டாக்’ ஃபைல் இன்னும் விரிவாகச் சொல்லும். ஒரு முக்கியமான விஷயம், ஒரு ப்ராசஸுக்குள் பல த்ரெட்டுகள் (தனித்தனி ஓட்டங்கள்) இருக்கலாம், மெயின் த்ரெட்டை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். மெயின் த்ரெட் பெரும்பாலும் மற்றவை முடியட்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கும். ‘டாஸ்க்’ கோப்பகத்துக்குள் ஒவ்வொரு த்ரெட்டையும் பார்க்க வேண்டும்.

அந்தச் சொல் ‘பைப் ரீட்’ என்றால் மறுமுனையில் எழுத வேண்டிய குழந்தை ப்ராசஸ் எழுந்ததா என்று பாருங்கள். ‘ஈபோல்’ என்றால் நிகழ்வுக்காகக் காத்திருக்கிறது, அது சாதாரணமாகவும் இருக்கலாம். ‘ஹாண்டில் யூசர்ஃபால்ட்’ என்று வந்தால், ஹேங்கின் காரணமே கையில் கிடைத்துவிட்டது. க்ரியூவில் லேஸி பேஜஸ் என்றொரு வசதி உண்டு. நினைவகம் முழுவதையும் முன்கூட்டியே ஏற்றாமல், ப்ராசஸ் நினைவகத்தின் ஒரு பக்கத்தை (ஒரு சிறு துண்டை) தொடும்போது மட்டும் கொண்டுவந்து தருவது. 2015-இல் கெர்னல் 4.3-இல் வந்த யூசர்ஃபால்ட்எஃப்டி என்ற கெர்னல் வசதி அதன் அடிப்படை. பக்கங்களைப் பரிமாறும் அந்தத் துணை டீமன் (பின்னணி நிரல்) செத்துப்போனாலோ தொலைவிலிருக்கும் கணினியோடு தொடர்பு அறுந்தாலோ, ப்ராசஸ் இல்லாத பக்கத்துக்காக அப்படியே நிற்கும். ஒட்டிப் பார்த்தாலும் புரியாது, ஏனென்றால் அது எந்த சிஸ்டம் காலிலும் (கெர்னலிடம் வைக்கும் கோரிக்கையிலும்) இல்லை, ஏதோ ஒரு சாதாரண மாறியைப் படித்துக்கொண்டிருக்கும்.

நெட்வொர்க் சந்தேகம் இருந்தால் இணைப்புகளைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையில் அனுப்பு வரிசையைப் பாருங்கள். எண் ஏறி அப்படியே நின்றால் பொட்டலங்கள் வெளியே போகவில்லை, அல்லது அவற்றுக்குப் பதில் வரவில்லை. உயிருள்ள டிசிபி இணைப்போடு சேமிக்கும்போது, இடைப்பட்ட நேரத்தில் மறுமுனைக்குத் தவறான பதில் போய்விடாமல் இருக்க க்ரியூ ஃபயர்வால் விதி போட்டு அந்த இணைப்பை அடைத்துவிடும். ரீஸ்டோர் ஒழுங்காக முடிந்தால் தானே எடுத்துவிடும். நடுவில் ஏதாவது குளறுபடி ஆகி அந்த விதி மிஞ்சியிருந்தால், கதவைப் பூட்டிவிட்டு உள்ளிருப்பவர் ஏன் வெளியே வரவில்லை என்று கேட்ட கதைதான்.

ஒட்டிப் பார்ப்பது

கெர்னலுக்குப் போகும் அழைப்புகளைக் காட்டும் ஸ்ட்ரேஸா, நிரலின் உள்ளே பார்க்கும் டிபக்கரான ஜிடிபியா என்று கேட்டால், சிபியு எரிந்துகொண்டிருந்தால் ஸ்ட்ரேஸ், அமைதியாக இருந்தால் ஜிடிபி என்பேன். ஒரே பிழையை வாங்கி வாங்கிச் சுற்றிக்கொண்டிருக்கும் ப்ராசஸை ஸ்ட்ரேஸ் ஒரே பார்வையில் காட்டிக்கொடுக்கும். தூங்கும் ப்ராசஸில் அது ஒரு வரி போட்டுவிட்டு நம்மோடு சேர்ந்து தானும் மௌனமாகிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒட்ட முடியாது, ஒரு ப்ராசஸுக்கு ஒரு ட்ரேசர்தான்.

ஒட்டுவதற்கு ஒரு விலை உண்டு. ஜிடிபி எல்லா த்ரெட்டுகளையும் நிறுத்தும், நிறுத்தி விடும்போது ஈபோல் போன்ற சில அழைப்புகள் குறுக்கீட்டுப் பிழையோடு திரும்பிவிடலாம். அந்தக் குலுக்கலிலேயே ப்ராசஸ் எழுந்து ஓடத் தொடங்குவதும் உண்டு. வேலை நடக்கிறதே என்று சந்தோஷப்படலாம், ஆனால் காரணம் கையை விட்டுப் போய்விடும். அதனால்தான் ப்ராக் விவரங்களை முதலில் ஒரு ஃபைலில் அள்ளி வைக்கச் சொல்வது.

என் அனுபவம் ஒன்று. பல நாள் ஓடும் ஒரு சிமுலேஷன். கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டி வந்தது, சேமித்தோம், மறுதொடக்கம் செய்தோம், எழுப்பினோம். எழுந்தது, அசையவில்லை. வழக்கம்போலக் கொன்று இரண்டு முறை மறுபடி எழுப்பினேன், மூன்றாவது முறையும் அதே நிலை. அப்புறம்தான் புத்தி வந்து ஜிடிபி ஒட்டினேன். எட்டு வேலைக்கார த்ரெட்டுகளும் வேலை வரட்டும் என்று நின்றன. வேலையைப் பிரித்துக் கொடுக்கும் த்ரெட், முப்பது வினாடிக்கு ஒருமுறை விழித்துப் பார்க்க வேண்டியது, ஒரு கண்டிஷன் வேரியபிளில் (வேறொரு த்ரெட் எழுப்பும்வரையோ நேரம் முடியும்வரையோ காத்திருக்கும் இடத்தில்) தூங்கிக்கொண்டிருந்தது. அந்த ஃபிரேமுக்குள் போய் விழிக்க வேண்டிய நேரத்தை அச்சிட்டேன்: 3542430 வினாடி. இன்னொரு ஜன்னலில், கணினி எழுந்து எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லும் அப்டைம் போட்டால் 1 மணி 12 நிமிடம் என்கிறது.

அந்த முப்பது வினாடியைக் கழித்துவிட்டு 3542400-ஐ ஒரு நாளின் 86400 வினாடியால் வகுத்தால் சரியாக 41. சேமித்தபோது கணினி 41 நாள் அணையாமல் ஓடியிருக்கிறது. மோனோடானிக் கடிகாரம் கணினி எழுந்ததிலிருந்து எண்ணுவது, மறுதொடக்கத்தில் 0-க்குப் போய்விடும். ‘முப்பது வினாடி கழித்து எழுப்பு’ என்று நிரல் சொன்னதை நூலகம் ‘கடிகாரம் 3542430 காட்டும்போது எழுப்பு’ என்று மாற்றிக் கெர்னலிடம் கொடுத்திருக்கிறது. கெர்னலும் சொன்னபடி 41 நாள் காத்திருக்கத் தயாராக இருந்தது. அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஆன நேரம் பத்து நிமிடம். அதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு கொன்று எழுப்பியதில் போனது ஒரு மணி நேரம். அதே இமேஜ், அதே கடிகாரம், நூறு முறை எழுப்பினாலும் நூறு முறையும் அங்கேயேதான் நின்றிருக்கும். கெர்னல் 5.6-இல் 2020-இல் வந்த டைம் நேம்ஸ்பேஸ் இதற்காகவே உள்ளது. அதற்குள் ஓடும் ப்ராசஸுக்கு மோனோடானிக் கடிகாரத்தைத் தள்ளி வைத்துக் காட்டலாம். நாங்கள் அப்படி ஓடவிடவில்லை. சிமுலேஷன் தானே எழுதி வைத்திருந்த பழைய நிலையிலிருந்து தொடர்ந்தோம், ஆறு மணி நேர வேலை போனது.

ஜாவா, பைத்தான் ஆட்களுக்கு ஒரு குறிப்பு. ஜாவா த்ரெட்டுகள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் ஜேஸ்டாக், ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்மின் ஒத்துழைப்போடுதான் வேலை செய்யும். தற்காலிகக் கோப்பகத்தில் உள்ள ஒரு சாக்கெட் ஃபைல் வழியாகப் பேசுவது அது. ரீஸ்டோருக்குள் அந்தக் கோப்பகம் துடைக்கப்பட்டிருந்தால் ஜேஸ்டாக்கும் சேர்ந்து திருதிருவென்று முழிக்கும். பைத்தானுக்கான பைஸ்பை வெளியிலிருந்தே நினைவகத்தைப் படிப்பதால், நோயாளி பதில் சொல்லாவிட்டாலும் நாடி பார்த்துவிடும்.

கொன்றுவிட்டு மறுபடி

சாதாரண ஹேங்கைக் கொல்வது ஆதாரத்தை அழிப்பது. ரீஸ்டோர் ஹேங்கில் அந்தப் பயம் குறைவு, ஏனென்றால் இமேஜ் வட்டில் அப்படியே இருக்கிறது, வேண்டும்போது மறுபடி எழுப்பி அதே ஹேங்கைப் பார்க்கலாம். இது பெரிய சலுகை. ஆனால் இமேஜ் மாறாவிட்டாலும் அதைச் சுற்றியுள்ளவை மாறிவிடும். எழுந்த ஒரு வினாடியில் ப்ராசஸ் லாக் ஃபைலில் ஒரு வரி எழுதிவிட்டிருந்தால் ஃபைலின் அளவு மாறிவிடும், அடுத்த ரீஸ்டோரில் அளவு ஒத்துவரவில்லை என்று க்ரியூ மறுத்துவிடும். சத்தமாக மறுப்பது நல்லது. அளவு மாறாமல் உள்ளே மட்டும் மாறிய தரவு ஃபைல்தான் உண்மையான ஆபத்து, அதை யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். டிசிபி இணைப்போ, ப்ராசஸைக் கொன்றதுமே மறுமுனைக்குச் செய்தி போய்விடும். அந்த இணைப்பைப் பொறுத்தவரை இமேஜ் அன்றோடு காலாவதி.

எனவே முதல் ரீஸ்டோருக்கு முன்பே இமேஜ் கோப்பகத்தையும் ப்ராசஸ் எழுதும் ஃபைல்களையும் நகல் எடுத்திருந்தால் மட்டும் தாராளமாகக் கொல்லுங்கள். இல்லையென்றால் கொல்வதற்கு முன் ஜிகோர் கொண்டு ஒரு கோர் ஃபைலாவது (ப்ராசஸின் நினைவக நகல்) எடுத்து வையுங்கள்.

இந்த வழி உண்மையில் பலன் தருவது வெளியே ஏதாவது ஒன்றைச் சரிசெய்த பிறகுதான். ஃபயர்வால் விதியை எடுத்தீர்கள், வட்டை மறுபடி ஏற்றினீர்கள், லேஸி பேஜஸ் டீமனை எழுப்பினீர்கள் என்றால் கொன்று எழுப்புவதில் அர்த்தம் இருக்கிறது. எதையும் மாற்றாமல் எழுப்புவதற்கு ஒரே நியாயம், இரண்டு முறையும் அதே இடத்தில்தான் நிற்கிறதா என்று பார்ப்பது. அதே இடம் என்றால் காரணம் இமேஜிலோ சுற்றுச்சூழலிலோ நிலையாக இருக்கிறது. வேறு வேறு இடம் என்றால் த்ரெட்டுகளின் முந்தல் பிந்தல் தகராறு. மூன்றாவது முறை எழுப்புவதில் புதிதாக ஒன்றும் தெரியவராது.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். சேமிக்கும்போதே அது ஹேங் ஆகியிருந்ததா? சேமித்த பின்னும் மூலத்தை ஓடவிடும் விருப்பத்தேர்வைப் பயன்படுத்தியிருந்தால் இதற்குப் பதில் உடனே கிடைக்கும்.

கைவிடுவது

இதைத் தோல்வி மாதிரிப் பார்ப்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் அப்படித் தோன்றாது. எத்தனை நேரத்துக்கு ஒருமுறை சேமிக்கலாம் என்பதற்கு 1974-இல் ஜே. டபிள்யூ. யங் கொடுத்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது: சேமிக்க ஆகும் நேரத்தையும், ஒரு பழுதுக்கும் அடுத்ததற்கும் இடையிலான சராசரி நேரத்தையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். சேமிக்க 2 நிமிடம், சராசரியாக 24 மணிக்கு ஒரு பழுது என்றால் சுமார் 76 நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்க வேண்டும். அப்படிச் சேமிப்பவர் ஒரு பழுதில் சராசரியாக இழப்பது அதில் பாதி, 38 நிமிடம். கடைசி இமேஜ் எழவில்லை, அதற்கு முந்தையதற்குப் போகிறார் என்றால் இன்னொரு 76 நிமிடம் சேரும்.

நிரல் தரும் விடை மட்டும் வேண்டும் என்றால், 76 நிமிட ஓட்டத்தைக் காப்பாற்ற மூன்று மணி நேரம் ஜிடிபியில் உட்காருவது வீம்பு. பத்து நாள் ஓட்டத்துக்கு ஒரே ஒரு இமேஜ்தான் இருக்கிறது என்றால் ஒரு நாள் முழுக்க உட்காரலாம். காரணம் தெரிய வேண்டும் என்றால் பழையதிலிருந்து வேலையைத் தொடரவிட்டு, எழாத இமேஜை வேறு கணினியில் வைத்துச் சாவகாசமாகப் பார்க்கலாம். எனக்கு இதுதான் பிடித்த ஏற்பாடு.

வேறு முறையில் சேமித்திருந்தால்

முழு விர்ச்சுவல் மெஷினையும் சேமித்து எழுப்பினால், மேலே சொன்ன 41 நாள் கூத்து நடக்காது. கெர்னலும் சேர்ந்தே தூங்கி எழுவதால் உள்ளிருக்கும் மோனோடானிக் கடிகாரம் விட்ட இடத்திலிருந்து ஓடும். அங்கே கோளாறு நாள்காட்டிக் கடிகாரத்தில் வரும். விருந்தினர் கணினி இன்னும் நேற்றிலேயே இருக்கும், சான்றிதழும் உள்நுழைவு டிக்கெட்டும் ஒத்துவராமல் நிரல் மறுபடி மறுபடி முயன்றுகொண்டே இருக்கும், பார்ப்பவருக்கு ஹேங் போலத் தெரியும். நேரத்தைச் சரிசெய்தாலே பாதி ஹேங்குகள் போய்விடும்.

டிஎம்டிசிபி என்ற இன்னொரு சேமிப்புக் கருவிக்கு ரூட் அனுமதி தேவையில்லை, ப்ராசஸ் எண்களையும் தானே மாயமாக வைத்துக்கொள்ளும், அது பெரிய வசதி. ஆனால் தொடக்கத்திலேயே அதன் வழியாகத்தான் நிரலை ஓடவிட்டிருக்க வேண்டும். பல ப்ராசஸ்கள் சேர்ந்த வேலையில் எல்லாரும் ஒருங்கிணைப்பாளரிடம் வந்து சேர்ந்த பிறகுதான் கிளம்புவார்கள். ஒரு இமேஜை விட்டுவிட்டு மற்றவற்றை எழுப்பினால் வந்தவர்கள் வராதவருக்காக நிற்பார்கள். அது எழுதித் தரும் ரீஸ்டார்ட் ஸ்கிரிப்டையே பயன்படுத்தினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

நிரலே தன் நிலையைத் தான் எழுதிக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்தவரை குறைந்த தலைவலி. திறந்த சாக்கெட்டோ பழைய காலக்கெடுவோ அதில் வராது, எல்லாம் புதிதாகவே உருவாகும். அங்கேயும் ஹேங் உண்டு. எட்டு பங்காளி ப்ராசஸ்களில் ஒன்று மட்டும் 4000-ஆவது படியின் ஃபைலை எடுத்துக்கொண்டு மற்றவை 4500-ஐ எடுத்தால், அடுத்த சந்திப்பில் எண்ணிக்கை ஒத்துவராமல் எல்லாம் நிற்கும். ஏற்றியதும் ஒவ்வொன்றும் தன் படி எண்ணை லாக்கில் அச்சிட்டால் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

அந்த சிமுலேஷனை இப்போது டைம் நேம்ஸ்பேஸுக்குள்தான் ஓடவிடுகிறோம். புதிதாக ஏதாவது நிரலைச் சேமிக்கத் தொடங்கினால் முதல் நாளே ஒரு ரீஸ்டோர் செய்து பார்த்துவிடுவேன், அதுவும் அப்போதுதான் மறுதொடக்கம் செய்த கணினியில். சேமித்த கணினியை அணைக்காமல் அதிலேயே எழுப்பிப் பார்த்தால், கடிகாரம் பின்னால் போகாது, எல்லாம் சரியாகத்தான் ஓடும்.